மணலில் இழுத்த தோணி

மருமகள் மாசித் துவையலுக்காக மாசியை அம்மியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் தூத்துக்குடி வீட்டில் இது வாரந்தோறும் நடப்பதுதான். சின்ன வெங்காயம், வற்றல் மிளகாய், தேங்காய், கொஞ்சம் புளி. கூடவே இடித்த மாசி. அன்றைக்கு வந்த வாசனை மட்டும் வேறாக இருந்தது. "என்ன மாசிம்மா இது?" என்று கேட்டேன். "தோணிக்காரங்க மாலேயிலேருந்து கொண்டு வந்ததாம் அத்தை. நல்லா கெட்டியா இருக்கு பாருங்க" என்று ஒரு துண்டைக் கையில் கொடுத்தாள்.

சூரை மீனைக் கீறி, உப்புநீரில் வேகவைத்து, புகைமூட்டி, நாள்கணக்கில் வெயிலில் போட்டு இறுக்கியது. அந்தப் புகை வாசனையில் நான் சில ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன். காலையில் பள்ளிக்கு நடக்கும்போது ஒவ்வொரு வீட்டுப் பின்கட்டிலிருந்தும் அது வரும். பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையில் இருக்கும். திருத்துவதற்காக வீட்டுக்கு எடுத்துப்போகும் நோட்டுகளிலும் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மாலத்தீவுப் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர்கள் வேண்டும் என்று செய்தித்தாளில் விளம்பரம் வரும். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நிறையப் பேர் போனார்கள். ஊரில் தனியார் பள்ளிக்கூடச் சம்பளத்தில் வீட்டுக் கடன் அடைகிற வழியைக் காணோம். ஐந்து வயது மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு, திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினேன். அங்கிருந்து மாலே ரொம்பப் பக்கம். மாலேயிலிருந்து எனக்கு விதித்த தீவுக்குப் போகத்தான் ஓர் இரவு முழுக்கப் படகில் கிடக்க வேண்டியிருந்தது. அரிசி மூட்டைகளுக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் நடுவே பாய் விரித்துப் படுத்திருந்தேன். மூட்டைகளில் எங்கள் ஊர்க் கடைப் பெயரைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு காலங்காலமாக மாலேக்குப் போய்வருகின்றன. அவற்றின் பின்னாலேயே நானும் வந்து சேர்ந்திருந்தேன்.

ரா அட்டோல் என்ற வடக்குத் தீவுக்கூட்டத்தில் ஒரு சின்னத் தீவு. நாடு முழுவதும் சேர்த்து 1,192 தீவுகள். அவற்றில் 200 அளவில்தான் ஆள் குடியிருப்பு. எங்கள் தீவை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பேசிக்கொண்டே நடந்துவிடலாம். தெருவெல்லாம் வெள்ளை மணல். விடிந்ததும் பெண்கள் ஈர்க்குமாறால் அந்த மணலைப் பெருக்குவார்கள். ஒரு சருகு கிடக்காது.

முதல் வகுப்புப் பிள்ளைகள் எனக்கு. ஆறு வயது, ஏழு வயது. நோட்டைக் கொடுத்து ஆங்கில எழுத்துகளை எழுதச் சொன்னால் பாதிப் பேர் தாளின் வலது ஓரத்தில் ஆரம்பித்தார்கள். அவர்களுடைய திவேஹி மொழியின் தானா எழுத்து, அரபியைப் போல வலமிருந்து இடமாகப் போகும். பள்ளிக்கூடத்தில் கால் வைக்கும் முன்பே அந்தத் திசை கையில் ஏறியிருக்கும். எழுத்து மொத்தம் 24. முதல் ஒன்பது எழுத்துகளை அரபி எண்களின் வடிவத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று அங்கே திவேஹி சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒருவர் எனக்கு விளக்கினார். அந்த அம்மாதான் எனக்கு அந்தத் தீவில் அக்காவாக இருந்தார். "எழுதுவதை விடு. முதலில் வெளியே கூட்டிக்கொண்டு போ" என்றார். அந்தக் காலத்தில் வீட்டில் குர்ஆன் ஓதக் கற்பித்தவர்கள் பலகையில் மணலைப் பரப்பி விரலால் எழுத வைப்பார்களாம். எங்கள் ஆச்சி திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் ஆனா ஆவன்னா எழுதிய கதை எனக்கு நினைவு வந்தது. மறுநாள் வகுப்பைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். மணலில் இடது பக்கம் ஒரு கிளிஞ்சலை நட்டு, "இங்கிருந்து" என்று காட்டினேன். திசை பழகிவிட்டது.

படிக்கக் கற்றுக்கொண்டதும் வெளியேதான். மாலத்தீவில் வீட்டுக்கு எண் கிடையாது, பெயர்தான். பவளக்கல் சுவரில் பெயின்டால் எழுதியிருக்கும். பூப்பெயர்கள், திவேஹிப் பெயர்கள், பாதிக்குப் பாதி ஆங்கிலப் பெயர்கள்: சன்னி சைட், மூன்லைட், ப்ளூ வேவ், மார்னிங் ஸ்டார். ஆட்களையே வீட்டுப் பெயரால்தான் அடையாளம் சொல்வார்கள். வரிசையாகத் தெருவில் நடத்திக்கொண்டுபோய் ஒவ்வொரு வீட்டின் முன்னும் நிறுத்துவேன். அந்த வீட்டுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து வாயில் புழங்கிய சொல்லைச் சுவரில் எழுத்தாகப் பார்த்து, "எஸ், யு, என்... சன்!" என்று வானத்தைக் காட்டிய சன்னி சைட் பெண்ணின் முகம் இப்போதும் எனக்குத் தெரிகிறது. பாட்டிமார் உள்ளேயிருந்து வந்து, நிலைப்படியில் நின்று கேட்பார்கள். கையில் ஏதாவது பலகாரம் திணிக்காமல் விடமாட்டார்கள். மீனும் தேங்காயும் வைத்துப் பொரித்த குல்ஹா உருண்டை எனக்கு அப்படித்தான் பழக்கமானது.

பாடப்புத்தகம்தான் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருந்தது. குன்றின் மேல் ஏறித் தண்ணீர் எடுக்கப் போகிற பிள்ளைகளின் பாட்டு ஒன்று உண்டே, உலகமெங்கும் சின்ன வகுப்பில் பாடுவது. குன்று என்றால் என்ன மிஸ் என்று கேட்டார்கள். நாட்டின் சராசரி உயரமே கடல்மட்டத்திலிருந்து 1.5 மீட்டர். அவர்கள் குன்றுக்கு எங்கே போவார்கள்? ஆறு கிடையாது, ரயில் கிடையாது. நாய் என்ற உயிரினத்தை அவர்கள் படத்தில் மட்டுமே பார்த்திருந்தார்கள்; அந்த நாட்டில் நாய் வளர்க்க அனுமதியில்லை. ஆனால் டூனாவில் எத்தனை வகை, எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும், படகின் எந்தப் பாகத்துக்கு என்ன பெயர் என்று கேட்டால் ஆறு வயதுப் பையன் மூச்சுவிடாமல் சொல்வான். ஒரு பிள்ளைக்கு வேற்றுமொழி சொல்லிக்கொடுக்கிறவர் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதை முதலில் படிக்க வேண்டும் என்று இன்றும் என்னிடம் வரும் இளம் ஆசிரியைகளிடம் சொல்கிறேன். நான் அதைப் படித்தது அங்கேதான்.

ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு வகுப்பும் ஒரு நிகழ்ச்சி தர வேண்டும், முதல் வகுப்பு ஆங்கிலத்தில் நாடகம் போடட்டும் என்று தலைமையாசிரியர் சொன்னார். பெரிய கிழங்கு ஒன்றைத் தாத்தா பிடுங்கப் பார்க்கிறார், முடியவில்லை, பாட்டி, பேத்தி, நாய், பூனை என்று ஒவ்வொருவராகச் சேர்ந்து இழுக்கிறார்கள் என்ற ருஷ்ய நாட்டுப்புறக் கதை சின்னப் பிள்ளைகளுக்கு அருமையானது. ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். எல்லோருக்கும் வேடம் இருக்கும். கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்கள். கடைசியில் மார்னிங் ஸ்டார் வீட்டுப் பையன், முன்பல் இரண்டும் விழுந்தவன், எழுந்து, "மிஸ், தோணி?" என்றான். அவன் கேட்டது எனக்குப் புரியச் சற்று நேரமானது. இழுப்பது என்றால் அவர்களுக்குத் தோணியை இழுப்பதுதான்.

அதைச் சொல்லியாக வேண்டும். அடிப்பகுதியைச் சுரண்டிப் பூசவோ பழுது பார்க்கவோ தோணியைக் கரையேற்றும் நாளில் தீவே கூடிவிடும். மணலில் உருளைக் கட்டைகளைக் குறுக்கே போட்டு, வடம் கட்டி, இரு பக்கமும் ஆள் நின்று இழுப்பார்கள். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் பதில் குரல் கொடுக்க, அந்தத் தாளத்தில் தோணி அடி அடியாக ஏறும். கூலி கிடையாது. முடிந்ததும் படகுக்காரர் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. ஓடிப்போய் வடத்தின் நுனியைப் பிடித்துக்கொள்ளாத பையன் அந்தத் தீவில் இல்லை.

கிழங்கு போய், தோணி வந்தது. கடலுக்குப் போன தாத்தா திரும்பிவருகிறார். புயல் கருக்கிறது. தோணியைக் கரையேற்ற வேண்டும். நாய்க்குப் பதிலாக நாரை; அந்தக் கரைகளில் ஒற்றைக்காலில் நிற்கும் சாம்பல் நாரை. பூனை அப்படியே இருக்கட்டும், தீவில் பூனைக்குக் குறைவில்லை. கடைசியாக, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் குட்டி நண்டு. மிச்சப் பிள்ளைகள் அலைகள்.

ஒத்திகையில்தான் சிக்கல் வந்தது. தாத்தா வடத்தைப் பிடித்து, "கம் அண்ட் ஹெல்ப்!" என்று கூப்பிட்டதும் பாட்டி ஒருத்தி மட்டும் வர வேண்டும். மொத்த வகுப்பும் ஓடிவந்தது. அலைகளும் வந்து வடத்தைப் பிடித்தன. மறுபடி சொன்னேன், மறுபடி ஓடிவந்தார்கள். படகு வந்துவிட்டது, ஆள் கூப்பிடுகிறார், சும்மா எப்படி நிற்பது என்று சன்னி சைட் பெண் என்னைக் கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்தவர் சிரமப்படுவதை நின்று பார்த்துவிட்டு, முறை வரும்போது போய்ச் சேரும் பழக்கத்தை அந்தப் பிள்ளைகளுக்கு நான் ஏன் பழக்க வேண்டும்?

திவேஹி ஆசிரியைதான் வழி சொன்னார். "ஆளுக்கொரு வேலையைக் கொடுத்துவிடு. வேலை முடிந்தால்தான் வர முடியும்." அன்றிரவு உட்கார்ந்து மாற்றி எழுதினேன். பாட்டி, "ஐ ஆம் குக்கிங்" என்று மீன்புகைக்கு நடுவிலிருந்து குரல் கொடுப்பாள். பேத்தி, "ஐ ஆம் ஸ்வீப்பிங்" என்பாள். பூனை, "ஐ ஆம் ஸ்லீப்பிங்." நாரை, "ஐ ஆம் ஃபிஷிங்." நண்டு மட்டும் முதல் கூப்பாட்டிலேயே கிளம்பிவிடும், "ஐ ஆம் வாக்கிங்" என்று சொல்லிக்கொண்டு மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நாடகம் முழுக்க நடந்துகொண்டே இருக்கும். கரும்பலகையில் நான் மாதக்கணக்கில் எழுதிப்போட்டும் நிற்காத நிகழ்காலத் தொடர்வினை, ஒரு வாரத்தில் பிள்ளைகளின் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது. சாப்பிடும்போது, "மிஸ், ஐ ஆம் ஈட்டிங்." குழாயடியில், "ஐ ஆம் வாஷிங்." பட்டம் விட்டுக்கொண்டே ஒருவன் தெருக்கோடியிலிருந்து கத்துவான். தன் கை செய்துகொண்டிருக்கும் வேலையை வாய் சொல்லும்போது பிள்ளைக்கு வருகிற துணிச்சலே தனி.

தோணிக்கு அட்டை வெட்டி வண்ணம் தீட்டலாம் என்று இருந்தேன். சன்னி சைட் பெண்ணின் காஃபா, அதாவது தாத்தா, படகு கட்டும் தச்சர். அதே அட்டோலில் உள்ள அலிஃபுஷி தீவு படகு கட்டுவதற்குப் பேர்போனது. அங்கே தொழில் பழகியவர். அந்தத் தச்சர்கள் வரைபடம் வைத்துக்கொள்வதில்லை, கண் அளவுதான். பள்ளிக்கு வந்து பிள்ளைகளின் உயரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். சில நாள் கழித்து, முன்பக்கம் நெடிதாக வளைந்து நிமிர்ந்த ஒரு குட்டித் தோணியை நான்கு பேர் தூக்கிவந்து முற்றத்தில் வைத்தார்கள். நிஜ மரம். நிஜப் பாரம். பிள்ளைகள் வடத்தைப் பிடித்து இழுத்தார்கள். அசையவில்லை. நான் கவலையோடு பார்த்தேன். கிழவர் சிரித்துக்கொண்டே தென்னங்கட்டைத் துண்டுகளை வழவழப்பாகச் செதுக்கி அடியில் வைத்தார். "இப்போது எல்லோரும் சேர்ந்தால் நகரும். ஒருவர் குறைந்தாலும் நகராது" என்றார். நடிக்க வேண்டிய தேவையே அங்கே போய்விட்டது.

திரைக்கு ஒரு பழைய பாய் கிடைத்தது. 1974க்குப் பிறகு மீன்பிடித் தோணிகளுக்கு என்ஜின் வரத் தொடங்கியதும் பாய்கள் மெல்ல மெல்லக் கொட்டகைக்குள் போய்விட்டன. அதை உதறி விரித்தபோது அந்தக் கொட்டகை வாசலில் நின்ற பெரியவர்கள் துணியைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். தாய்மார் தையல் மெஷினில் நீலத் துணிகளை அலைகளாக விளிம்பு அடித்துக் கொடுத்தார்கள். அலை வேடத்துப் பிள்ளைகளுக்கு வசனம் இல்லையே என்று ஒரு தாய் என்னிடம் வருத்தப்பட்டார். அலைகளும், "ஸ்ப்ளாஷ்!" என்று சொல்லும் என்று சேர்த்தேன். அதன்பின் நாடகத்தில் அதிகச் சத்தம் போட்டது அலைகள்தாம்.

விழா இரவில், இஷா தொழுகைக்குப் பிறகு. வீடுகளிலிருந்து கயிறு பின்னிய ஜோலி நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டு உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் தீவின் தலைவரான கதீபு. பெரிய வகுப்புப் பையன்கள் போடு பெரு மேளத்தை முழக்கினார்கள். நாடகம் தொடங்கியது. தாத்தா கூப்பிட்டார். பாட்டி சமைத்தாள், பேத்தி பெருக்கினாள். "ஐ ஆம் ஸ்லீப்பிங்" என்று சொல்லிப் படுத்த பூனை கண்ணைத் திறக்காமல் கிடக்க, ஓர் அலை போய் எழுப்பிவிட்டது. நண்டு வேடம் மார்னிங் ஸ்டார் பையனுக்கு. முதுகில் மாவுச் சாக்கைச் சுருட்டித் தைத்த சங்கு. அவன் அவசரப்படவே இல்லை. இரண்டு எட்டு, நின்று கூட்டத்தைப் பார்த்து, "ஐ ஆம் வாக்கிங்." இன்னும் இரண்டு எட்டு, "ஐ ஆம் வாக்கிங்." மற்ற எல்லோரும் வடத்தைப் பிடித்தபடி அவனுக்காகக் காத்திருந்தார்கள். கூட்டமும் காத்திருந்தது. முதல் வரிசையில் அவன் பாட்டி கையை ஆட்டி ஆட்டி, சீக்கிரம் போ, சீக்கிரம் போ என்று திவேஹியில் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் வந்து வடத்தின் நுனியைப் பிடித்தான். "ஒன், டூ, த்ரீ, புல்!"

தோணி நகர்ந்தது. கட்டைகள் உருண்ட சத்தம் கேட்டதும் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெரியவர், தோணி இழுக்கும்போது எழுப்பும் அந்தக் குரலை எழுப்பிவிட்டார். ஆண்கள் அத்தனை பேரும் பதில் குரல் கொடுத்தார்கள். பிள்ளைகள் நிறுத்துவார்களா? மேடை என்று நான் கோடு கிழித்திருந்த இடம் தாண்டியது. திரையைத் தாண்டியது. அலைகளும் ஓடிவந்து வடத்தைப் பிடித்துக்கொண்டன. கிழத் தச்சர் எழுந்து, பின்னால் கழன்ற கட்டைகளை எடுத்து எடுத்து முன்னால் வைத்துக்கொண்டே போனார். பள்ளி வாசல்வரை இழுத்துப் போய்த்தான் நிறுத்தினார்கள். "வீ டிட் இட், மிஸ்!" என்று சன்னி சைட் பெண் கத்தினாள். நான் எழுதிக்கொடுத்த வசனத்தில் அது கிடையாது.

அன்றிரவு தீவின் கார்டு போன் முன்னால் வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசினேன். மகனுக்கு நாடகத்தைச் சொன்னேன். "நண்டு நானா இருந்திருக்கலாம்லம்மா" என்றான். கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. அந்த வாக்கியத்தோடு நான் எத்தனையோ இரவுகள் படுத்திருக்கிறேன். ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை, ஊர் திரும்பிவிட்டேன்.

2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினத்துச் செய்தி வந்துகொண்டிருந்தபோது எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. இங்கே இப்படியென்றால் 1.5 மீட்டர் உயர மண் என்னவாகும்? தொலைபேசி கிடைக்கவில்லை. எங்கள் தீவு தப்பியது என்று பிறகுதான் தெரிந்தது. அதே அட்டோலில் கந்தொல்ஹுதூ என்ற தீவு தப்பவில்லை. குடியிருக்க வழியில்லாமல் மக்கள் மொத்தமாக வெளியேறினார்கள். சில ஆண்டுகள் கழித்து துவாஃபரு என்ற தீவில் அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுப் பெயர்கள் எழுதிய சுவர்கள் என்ன ஆயினவோ என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சன்னி சைட் பெண் இப்போது அதே பள்ளியில் ஆசிரியை. முகநூலில் என்னைத் தேடிப் பிடித்தாள். மாசி வாசனையில் அத்தனையும் கிளம்பிவந்ததை அவளுக்கு எழுதியதும், ஆண்டு விழாவுக்கு அந்த நாடகத்தையே போடலாம் என்றிருக்கிறேன், வசனம் இருக்கிறதா மிஸ் என்று கேட்டாள். என்னிடம் ஒரு தாளும் இல்லை. நினைவிலிருந்து எழுதி அனுப்பினேன். இப்போது தீவுக்குத் துறைமுகம் வந்துவிட்டது, படகுகளில் பாதி ஃபைபர், கைகூடி இழுப்பது அபூர்வம், பிள்ளைகளில் பலர் பார்த்ததே இல்லை என்றாள். அதனால் அவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய், பெரியவர்களை வைத்து ஒரு பழைய தோணியை நிஜமாகவே இழுக்க வைத்திருக்கிறாள். காஃபா இறந்துவிட்டார். அவர் செய்த குட்டித் தோணி பள்ளிக் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறதாம். கட்டைகளை மட்டும் புதிதாகச் செதுக்க வேண்டும்.

"ஒரு பிரச்சினை மிஸ்" என்று நேற்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "நண்டு வேடத்துக்கு மூன்று பேர் அழுகிறார்கள். யாருக்குக் கொடுக்கட்டும்?"

மூன்று பேருக்கும் கொடு, ஆளுக்கொரு மூலையிலிருந்து நடந்து வரட்டும் என்று பதில் போட்டேன். கூட்டம் காத்திருக்கும்.